வீட்டில் பீர் காய்ச்சும் இயந்திரம்: கோளாறு எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்ச ஒன்றிய அரசு வழிவிட்டது 1978-இல். ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட அந்தச் சட்டப்படி, இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 காலன், அதாவது ஏறத்தாழ 757 லிட்டர் வரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. அலபாமா, மிசிசிப்பி மாநிலங்களில் இது சட்டபூர்வமானது 2013-இல்தான். அடுப்பும் அண்டாவும் தெர்மாமீட்டருமாக நடந்த இந்த வேலையைப் பலர் இன்று ஆர்டுயினோ, ராஸ்பெரி பை போன்ற சின்னஞ்சிறு கணினிகளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

காரணம், சூடு. முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, வெந்நீரில் ஒரு மணி நேரம் போல ஊறவைப்பதுதான் முதல் கட்டம். அப்போது பார்லியிலேயே உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. பீட்டா அமைலேஸ் என்ற நொதிக்கு 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் பிடிக்கும். ஆல்ஃபா அமைலேஸ் 70 டிகிரியை ஒட்டி மும்முரமாக வேலை செய்யும். 64-இல் நிறுத்தினால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை மிகுந்து, பீர் மெலிதாக, இனிப்பற்று வரும். 69-இல் நிறுத்தினால் ஈஸ்டால் செரிக்க முடியாத சர்க்கரை மிஞ்சி, நாவில் கனமாக நிற்கும். 70-ஐத் தாண்டவிட்டுப் பிறகு ஆறவைப்பதில் பயனில்லை. அதற்குள் பீட்டா அமைலேஸ் சிதைந்திருக்கும்.

பரவலான அமைப்பில் மூன்று கலன்கள் உண்டு: வெந்நீருக்கு ஒன்று, பார்லி ஊற ஒன்று, வடித்தெடுத்த சாற்றை ஹாப்ஸ் என்னும் பூவைப் போட்டுக் கொதிக்கவைக்க ஒன்று. ஊறும் பார்லிச் சாற்றைப் பம்ப் உறிஞ்சி, வெந்நீர்க் கலனுக்குள் சுருண்டு கிடக்கும் குழாய் வழியாகச் செலுத்தி, மீண்டும் பார்லியின் மேலேயே ஊற்றுகிறது. சாறு நேரடியாக ஹீட்டரைத் தொடாததால் தீய்ந்துபோகாது. ஹீட்டர் பெரும்பாலும் 240 வோல்ட், 5,500 வாட். நம் குளியலறை கீசரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 67-க்குக் கொண்டுபோக அதற்கு 12 நிமிடம் போதும்.

எப்போது, எவ்வளவு மின்சாரம் விடுவது என்பதை முடிவு செய்வது பி.ஐ.டி. என்னும் கணக்கு. குறிவைத்த சூடு எவ்வளவு தள்ளியிருக்கிறது, இதுவரை சேர்ந்த பிழை எவ்வளவு, எந்த வேகத்தில் மாறுகிறது ஆகிய மூன்றையும் அது சேர்த்துப் பார்க்கும். கப்பலைத் தானாகத் திசைதிருப்புவது பற்றி நிக்கோலஸ் மினார்ஸ்கி 1922-இல் எழுதிய ஆய்வின் வழிவந்தது இது. குளிர்ந்த தண்ணீரிலிருந்தே இதை ஓடவிட்டால், சூடேறும் நேரம் முழுக்கப் பிழை குவிந்து, குறியைத் தாண்டிப் பாய்ந்துவிடும். குறிக்குச் சில டிகிரி முன்புவரை முழு வேகத்தில் சூடாக்கி, அதன் பிறகு கணக்கை விழிக்கவைப்பதே சரி.

அப்படியும் சூடு அலைபாய்ந்தால் பலரும் நிரலைத் திருத்த உட்கார்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சென்சார் இருக்கும் இடம். அதைப் பார்லிக்கு நடுவே செருகினால், ஹீட்டர் செய்த மாற்றம் அங்கே போய்ச்சேரப் பல நிமிடம் பிடிக்கும். அதற்குள் குழாயில் வரும் சாறு குறியைத் தாண்டிச் சூடேறியிருக்கும். சுருள்குழாயின் வெளிவாயில் சென்சாரை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இவர்கள் அதிகம் பயன்படுத்தும் டி.எஸ்.18பி20 சென்சார், மின்சாரம் வந்ததும் அளக்கத் தொடங்கும் முன் 85 டிகிரி என்று காட்டும். திரையில் திடீரென்று 85 தோன்றினால் கலன் கொதிக்கிறது என்று பதறாமல், ஒயரையும் இணைப்பையும் சோதியுங்கள். ஆர்டுயினோவில் மைனஸ் 127 வந்தால் இணைப்பே அறுந்திருக்கிறது. இந்த மைனஸ் 127-ஐ உண்மை என்று எடுத்துக்கொள்ளும் நிரல், ஹீட்டரை முழு வேகத்தில் எரியவிடும்.

இன்னும் ஆபத்தானது, ஹீட்டரை இயக்கும் சாலிட் ஸ்டேட் ரிலே. 23 ஆம்பியர் ஓடும்போது அதுவே கொதிக்கும். வெப்பத்தை உறிஞ்ச அலுமினியத் தகடு வேண்டும். பழுதானால் பெரும்பாலும் அது அணைந்துபோவதில்லை, எரிந்தபடியே நின்றுவிடும். அப்போது நிரல் ஆயிரம் முறை 'நிறுத்து' என்றாலும் கேட்காது. ரிலேவுக்கு முன்னால் தனியாக, மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஒரு கான்டாக்டரும் கையால் அழுத்தும் அவசர ஸ்விட்சும் கட்டாயம் தேவை.

பார்லி இறுகிச் சாறு இறங்காமல் போவது வேறு வகைத் தொல்லை. கோதுமை, ஓட்ஸ் கலக்கும்போது இது மிகும். அதற்கு அமெரிக்கர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கிக் கலப்பது நெல் உமி. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இந்த இடத்தில் அதற்கு ஈடில்லை.

தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ஆகவே இதை இங்கே பீருக்காகக் கட்ட முடியாது. ஆனால் சென்சார், ரிலே, ஹீட்டர் கூட்டணி வேறு பல வேலைகளுக்கும் அதேதான். தண்ணீரையும் மின்சாரத்தையும் ஒரே கலனில் சேர்க்கும் எதைக் கட்டினாலும், முதலில் மின்கசிவு தடுப்பு சாதனத்தைப் பொருத்துங்கள். நிரல் எழுதுவது அதன் பிறகு இருக்கட்டும்.