காலால் வலிக்கும் வள்ளம்

வேலணையிலிருந்து வாணர் தாம்போதி வழியே புங்குடுதீவுக்குப் போகிறவர் இரு பக்கமும் காண்பது பரவைக்கடல். பல இடங்களில் தண்ணீர் இடுப்புக்கும் எட்டாது. இயந்திரப் படகின் விசிறி இங்கே தரையில் இடிக்கும், சாதாழையில் சிக்கும். கோல் ஊன்றித் தள்ளும் வள்ளத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஊன்றுகிறவருக்கு இரண்டு கையும் அதற்கே வேண்டும். தூண்டிலை யார் பிடிப்பது?

அந்தக் கேள்விக்கு மேல்நாட்டுத் தூண்டில்காரர் கண்ட விடைதான் பெடல் கயாக். சாய்ந்து இருந்து காலால் மிதித்தால் ஓடும். சிறு கைப்பிடி சுக்கானைத் திருப்பும். தொடைத் தசை தோளைவிட வலுவானது என்பதால் களைப்பும் பிந்தித்தான் வரும்.

இதில் இரண்டு வகை. சைக்கிள் போலச் சுற்றி மிதிப்பது ஒன்று. அடியில் விசிறி சுழலும், பின்னோக்கி மிதித்தால் பின்னால் போகும். ஆனால் அதற்கு ஏறத்தாழ அரை மீற்றர் ஆழம் வேண்டும், சாதாழையும் சுற்றும். பரவைக்கடலுக்கு அது சரிவராது என்பேன்.

மற்றதை கலிபோர்னியாவின் ஹோபி நிறுவனம் 1997இல் கொண்டுவந்தது. கால்களை மாறி மாறி முன்னே தள்ள, அடியில் இரண்டு செட்டைகள் பென்குவினின் சிறகுகளைப் போல எதிரெதிராக வீசும். செட்டையின் முன் விளிம்பு விறைப்பானது, பின் விளிம்பு வளையும். அந்த முறுக்கில்தான் தண்ணீர் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. செட்டைகள் நேர் கீழே தொங்குவது பெடல்கள் சமமாக நிற்கும்போது மட்டுமே. ஒரு காலை முழுதாக நீட்டினால் இரண்டும் வள்ளத்தின் அடியோடு படிந்துவிடும். அந்த நிலைக்கு அருகிலேயே காலைச் சிறிதாக அசைத்தால் செட்டைகள் மேலாகவே சிறகடிக்கும். முழங்காலளவு தண்ணீரிலும் மெல்ல நகரலாம். தொடக்கத்தில் இதற்குப் பின்னோட்டம் கிடையாது. கண்டல் ஓரத்தில் முட்டி நின்றால் துடுப்பை எடுக்க வேண்டியதுதான். 2015இல் அந்தக் குறையும் தீர்ந்தது.

அவசரப்பட்டு மிதித்துப் பயனில்லை. ஆழம் குறையக் குறைய நீரலையின் உச்ச வேகமும் குறையும்: அரை மீற்றரில் மணிக்கு 8 கிலோமீற்றர், 20 சென்ரிமீற்றரில் வெறும் 5. அந்த வேகத்தை நெருங்கும் வள்ளம் தான் எழுப்பிய அலையையே ஏற முடியாமல் திணறும்.

ஆற்றில் கவனம் வேறு. கல்லும் விழுந்த மரமும் உள்ள ஓட்டத்தில் பெடல் பொறியையும் சுக்கானையும் தூக்கிவிட்டுத் துடுப்பால் போவதே முறை. யாழ்ப்பாணத்தில் ஆறென்று சொல்ல வழுக்கையாறுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடும்.

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் நிலைமை மாறுகிறது. நயினாதீவு, நெடுந்தீவுப் படகுகள் அலை எழுப்பிப் போகும் வழி அது. கயாக்குக்கு அங்கே வேலையில்லை. சோளகம் எழும் மாதங்களில் பரவைக்கடலிலும் முதலில் காற்றுக்கு எதிராக மிதித்துப் போக வேண்டும். திரும்பும்போது கால் சோர்ந்திருந்தாலும் காற்றே கரைக்குத் தள்ளிவிடும்.