சிறார் குழைத்த வண்ணம்

வண்ணம் என்றவுடன் எம் வகுப்பினர்க்குத் தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்த இருபது வண்ணங்களே நினைவிற்கு வரும். யான் ஈண்டு எழுதப் புகுவது அவை பற்றியன்று. சென்ற கோடை விடுமுறையில், என் தமக்கையார் எங்கள் ஊரில் நடத்தும் பாலர் வகுப்பிலே, நான்கு முதல் ஆறு வயதுடைய சிறாரோடு கூடியிருந்து குழைத்த வண்ணங்களைப் பற்றியது.

கடையில் வண்ணம் கிடைக்கும்போது வீட்டில் ஆக்குவது எதற்கு என நண்பர்கள் வினவலாம். அவ்வயதுக் குழந்தைகளின் விரல் வாய்க்குட் செல்லாத நாழிகை அரிது. கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் செம்மஞ்சளும் ஆகிய பூச்சுக்கள் பல முற்காலத்தில் ஈயங்கலந்தே ஆக்கப்பட்டன. ஈயமோ சிறிதளவே உட்சென்றாலும் வளரும் மூளைக்குக் கேடு செய்வது. வீட்டுப் பூச்சுக்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாதென நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டில் விதி செய்தனர். ஆயினும் பழஞ்சுவரிலிருந்து உதிரும் பூச்சை அவ்விதி என் செய்யும்? ஆதலின், நாவிற் பட்டாலும் அஞ்சவேண்டாத பொருள்களையே பெரும்பாலும் கொள்வதென முடிவு செய்தோம்.

எவ்வகை வண்ணக்குழம்பிற்கும் உறுப்புக்கள் இரண்டு. நிறந்தருவது ஒன்று, அந்நிறத்தைத் தாளோடு பிணிப்பது மற்றொன்று. பின்னது இல்லையேல் உலர்ந்த நிறம் பொடியாகி உதிர்ந்து சட்டையில் ஏறிவிடும். ஒரு கரண்டி அரிசிமாவை முதலிற் குளிர்ந்த நீரிற் கட்டியின்றிக் கரைத்து, எட்டுக் கரண்டி அளவாக நீர் பெருக்கி, இளந்தீயிற் கிண்டினால் பசை கிடைக்கும். மாவை நேரே வெந்நீரிற் கொட்டினால் மேற்புறம் மட்டும் வெந்து உள்ளே மாவாகவே நிற்கும். முதல்நாள் யான் செய்தது அதுவே. பசையிற் சிறிது உப்பிட்டால் சற்றுத் தாமதித்துப் புளிக்கும். இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டிய வேலம்பிசினும் உதவும்; அஃது உலர்ந்தபின் பளபளக்கும்; மிகுதியானால் வெடிக்கும்.

நிறப்பொருள்களுள் சிறார்க்குப் பெரிதும் உவப்பளித்தது செம்மண்ணே. ஒரு பானை நீரிற் செம்மண்ணைக் கலக்கி, இருபது எண்ணும்வரை பொறுத்து, மேலே நிற்கும் கலங்கல்நீரை மட்டும் வேறொரு பானையில் வார்க்க வேண்டும். பருமணல் விரைந்து கீழே தங்கிவிடும். நுண்துகளோ நெடுநேரம் நீரில் மிதந்து நிற்கும். இருமுறை மும்முறை இவ்வாறு வார்த்துத் தெளியவிட்டால், மறுநாட் காலையில் அடியில் வெண்ணெய்போன்ற செங்குழம்பு இருக்கும். எண்ணத் தெரியாத சிறுவன் ஒருவன் இருபதுக்குப் பின்னும் பதினைந்து என்று எண்ணிக்கொண்டே போயினான். அவன் பானைக் குழம்பே எல்லாவற்றிலும் நயமாக அமைந்தது!

கருமைக்கு அரைத்த அடுப்புக்கரி. நீலத்திற்குச் சங்குபுட்ப இதழ்களை வெந்நீரில் ஊறவைத்தோம். எலுமிச்சைச் சாறு பட்டவுடன் அது செவ்வூதாவாக மாறியது. தூரிகைகள், ஒருமுனையை நசுக்கிய வேப்பங்குச்சிகள்.

மஞ்சளுக்கு மஞ்சளே. அதன் தூளிலும் நிறத்திற்காக ஈயக் குரோமேட்டைக் கலப்போர் உளர். வங்காள தேசத்தில் 2019-ஆம் ஆண்டில் அரசினர் அதனை ஒடுக்க முனைந்தனர். ஆதலின் எங்கள் கொல்லையில் விளைந்த கிழங்கையே உலர்த்தி இடித்தோம். சுண்ணாம்புத் தெளிநீர் ஒரு துளி பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதை ஆலத்தித் தட்டைக் கண்ட யாவரும் அறிவர். சுண்ணாம்பு கண்ணிற் பட்டாற் பெருந்தீங்காதலின், தமக்கையாரே அதனைச் சிறார் கைக்கு எட்டாது வைத்துத் துளிவிட்டார்.

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, செம்மண் வீடும் கரிக்காக்கையும் தீட்டி, மேலே மஞ்சளாற் பெரியதொரு சூரியனை எழுதினாள். அழியாதன்றோ என்று அவள் கேட்க, "அழியவே அழியாது" என்றேன். படத்தைச் சன்னலருகே ஒட்டினோம். ஒரு வாரம் கழிந்தபின் வீடு இருந்தது, காக்கை இருந்தது. சூரியன் இருந்தவிடத்தில் ஏதோ பழுப்பின் சாயல்மட்டுமே இருந்தது. "அண்ணா, என் சூரியனை யார் எடுத்தார்கள்?" என்று அழுதாள். யான் விடையறியாது நின்றேன்.

மறுநாள் ஒரு தாளில் மஞ்சளும் செம்மண்ணும் கரியும் பட்டை பட்டையாகப் பூசி, பாதியை அட்டையால் மூடி வெயிலில் வைத்தோம். சில நாட்களில் அட்டையை எடுத்துப் பார்த்தபோது, மூடிய பாதியில் மஞ்சள் நின்றது. திறந்த பாதியில் வெளிறியது. மற்றவை இரண்டும் மாறவில்லை. மஞ்சளுக்கு நிறந்தரும் குர்க்குமின், ஒளிபட்டாற் சிதைந்துபோகும் தாவரப்பொருள். செம்மண்ணின் நிறமோ இரும்பு உயிர்வாயுவோடு கூடியதால் வந்தது. வெயில் அதனை ஒன்றுஞ் செய்யாது. சித்தன்னவாசலிற் செங்காவி ஓராயிரம் ஆண்டு கடந்தும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிழைக்கு ஈடாக மஞ்சட்காவியைக் குழைத்து அவளிடம் கொடுத்தேன். அதுவும் மண்ணே, வெளிறாது. அவள் ஒருமுறை தீட்டிப் பார்த்து, "இது அழுக்குச் சூரியன்" என்று தள்ளிவிட்டாள். மீண்டும் மஞ்சளாலேயே எழுதி, அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டச் சொன்னாள். விடுமுறை முடியும்வரை நாள்தோறும் காலையில் வந்தவுடன் கதவைத் திறந்து ஒருமுறை பார்ப்பாள், உடனே மூடிவிடுவாள்.