20 எம்பி ஏன் 27 ஆகிறது?

“25 எம்பி வரை மெயிலில் அனுப்பலாம் என்கிறார்கள். என் பிடிஎஃப் 20 எம்பிதான். அது ஏன் திரும்பி வந்தது?” என்று மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

என் அப்பா வேலை பார்த்த தந்தி ஆபீசில் எழுத்தைத் தவிர வேறெதையும் கம்பியில் ஏற்ற முடியாது. 1982இல் வகுத்த மின்னஞ்சல் நெறிமுறையும் அப்படித்தான்: ஆங்கில எழுத்து, எண், சில குறிகள், அவ்வளவே. 1992இல் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் ‘மைம்’ முறையைக் கொண்டுவந்தபோது அந்தப் பாதையில் கை வைக்கவில்லை. படத்தையும் பாட்டையும் எழுத்தாக மாற்றி அதே வழியில் அனுப்பினார்கள்.

அந்த மாற்றத்துக்குப் பெயர் பேஸ்64. கோப்பின் மூன்று பைட்டை எடுத்து நான்கு குறிகளாக எழுதும். நம் உயிரெழுத்து ஒவ்வொன்றும் யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் சரியாக மூன்று பைட். ‘அ’வைத் தனியே கொடுத்தால் ‘4, கே, 6, எஃப்’ என்று வரும். ‘ஆ’வுக்குக் கடைசிக் குறி ‘ஜி’. பன்னிரண்டு உயிரும் ‘4, கே, 6’ என்றே தொடங்கி, கடைசிக் குறியில் மட்டும் வேறுபடும். எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் இந்த ஒழுங்கு எனக்கு அலுப்பதில்லை.

மூன்று நான்காவதால் 20 எம்பி கிட்டத்தட்ட 27 ஆகிவிடுகிறது. 25 என்ற வரம்புக்குள் நிம்மதியாகப் போவது 18 எம்பிதான்.

ஜிப் செய்தால் குறையுமே என்பார்கள். ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஸ்கேன் செய்யும்போதே பார்க்க வேண்டும். வெறும் எழுத்துள்ள பக்கத்தை 600 டிபிஐயில், கலரில் எடுப்பது வீண். 200 டிபிஐ, கறுப்பு வெள்ளை போதும்.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. நாற்பது பேருக்கு ஒரே இணைப்பை அனுப்பினால் நாற்பது பெட்டியிலும் இடம் அடைகிறது. ஊரில் மொபைல் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவரும் அந்த நாற்பதில் ஒருவர். டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள். வேண்டியவர் வேண்டியபோது இறக்கிக்கொள்வார். அனுமதி தந்தீர்களா என்று, லாகின் செய்யாத பிரவுசரில் லிங்க்கைத் திறந்து பாருங்கள். ஆதார், பாஸ்புக் நகலென்றால் லிங்க் வைத்திருக்கும் எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள்; பெறுபவரின் மெயில் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். கோப்பு என்ன, எத்தனை எம்பி, எந்தத் தேதி வரை அங்கே இருக்கும் என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.