செந்தூசிக்குள் ஒளிந்திருக்கும் எமன்

கர்நாடகத்தில் பெல்லாரி மாவட்டம் சண்டூர் மலைகளில் இரும்புத் தாது வெட்டும் தொழிலாளியின் சட்டை மாலையில் செக்கச்செவேல் என்று இருக்கும். துவைத்தால் அது போய்விடும். நுரையீரலுக்குள் புகுந்த தூசி போகாது.

பாறையில் கலந்துள்ள சிலிக்காதான் எமன். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலைத் தழும்பேற்றி இறுக்கிவிடும். இதுவே 'சிலிகோசிஸ்'. மூச்சுத் திணறல் தெரியவே 10, 20 ஆண்டுகள் ஆகலாம். காசநோயும் எளிதில் பற்றும். குணப்படுத்த மருந்து இல்லை. 2001-ல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில் உழைத்த தமிழர்களுக்கு இந்நோய் புதிதல்ல.

தடுக்க வழி உண்டு. தண்ணீர் பாய்ச்சியபடி துளையிட வேண்டும். லாரிப் பாதையை நனைக்க வேண்டும். முகத்தில் துண்டு கட்டினால் மட்டும் போதாது.

இலவச மருத்துவப் பரிசோதனையும், நோய் உறுதியானால் நஷ்டஈடும் தொழிலாளியின் சட்டப்படியான உரிமை. ஊர் திரும்புமுன் எக்ஸ்ரே, வேலைச் சான்று இரண்டையும் வாங்கி வைப்பது நல்லது.