பழைய மினி கூப்பர் வாங்கலாமா? ஒரு கணக்கும் சில குறிப்புகளும்

பத்துப் பன்னிரண்டு வயதான மினி கூப்பர், புது காம்பாக்ட் எஸ்யூவி ஒன்றின் விலைக்கு விற்பனைக்கு வருவதை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அப்படி ஒரு விளம்பரத்தை அனுப்பி, "வாங்கலாமா பாஸ்?" என்று கேட்டார். அவர் வீட்டில் வேறு கார் கிடையாது, சேமிப்பில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் கணக்கு. புதிதாக 36 லட்சத்துக்கு வாங்கிய கார் இன்று 12 லட்சத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய ரிப்பேருக்கு 1 லட்சம் ஆகிறது. முதல் உரிமையாளருக்கு அது கார் விலையில் 3 சதவீதம்கூட இல்லை. உங்களுக்கோ 8 சதவீதத்துக்கு மேல். காரின் விலை மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது, ஆனால் உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை. நீங்கள் வாங்குவது 12 லட்ச ரூபாய் கார் அல்ல, 12 லட்சத்துக்குக் கிடைக்கும் 36 லட்ச ரூபாய் கார். செகண்ட் ஹேண்ட் சொகுசு கார்களில் பலர் மாட்டிக்கொள்வது இந்த வித்தியாசத்தில்தான்.

அடுத்து, எந்த மினி? சர் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அசல் மினி 1959-ல் வந்து 2000 வரை ஓடியது. இன்று நாம் சாலையில் பார்ப்பது, பிஎம்டபிள்யூ கைக்குப் போன பிறகு 2001-ல் தொடங்கிய புது மினி. வெளியே பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் எஞ்சின்கள் வேறு வேறு. 2006-ல் வந்த இரண்டாம் தலைமுறைக்கு (ஆர் 56) பியூஜோ-சிட்ரோயன் குழுமத்துடன் சேர்ந்து உருவாக்கிய 1.6 லிட்டர் எஞ்சின். 2014-ல் விற்பனைக்கு வந்த மூன்றாம் தலைமுறைக்கு (எஃப் 56) பிஎம்டபிள்யூவின் சொந்த 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர், 2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின்கள்.

பெயர் கெட்டது ஆர் 56 கூப்பர் எஸ்-ன் ஆரம்பகால டர்போ எஞ்சினுக்கு (என் 14). காரணம் சுவாரஸ்யமானது. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. இந்த எஞ்சினோ எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும். இரண்டு சர்வீஸ்களுக்கு நடுவே யாரும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்காவிட்டால் அளவு இறங்கும், டென்ஷனர் தளரும், செயின் ஆடும். அழுத்தம் நன்றாகக் குறைந்த பிறகுதான் சிவப்பு விளக்கு எரியும். அதற்குள் சேதம் நடந்திருக்கலாம். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சினே போய்விடும்.

இன்னொன்று கரி. பழைய எஞ்சின்களில் பெட்ரோல், இன்டேக் வால்வின் மேல் பட்டு அதைக் கழுவிக்கொண்டே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால், எண்ணெய் ஆவி வால்வில் படிந்து கரியாகிறது. அதை எடுக்க வால்நட் ஓட்டைப் பொடித்துக் காற்றழுத்தத்தில் பீய்ச்சுகிறார்கள். கரியை உரிக்கும் அளவுக்குக் கடினம், உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை!

நமக்கு ஒரு நல்ல செய்தி: மினி இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வந்தது 2012-ல். அதற்கு முன்பே கூப்பர் எஸ்-ன் எஞ்சினைத் திருத்தி என் 18 ஆக்கிவிட்டார்கள். அது முந்தையதைவிடத் தேவலாம். ஆனாலும் தெர்மோஸ்டாட் ஹவுசிங், வாட்டர் பம்ப் கசிவுகளைப் பார்க்கத்தான் வேண்டும். தேர்வு செய்யும் வாய்ப்பு இருந்தால் நான் எஃப் 56 பக்கம்தான் சாய்வேன்.

நேரில் பார்க்கப் போகும்போது:

1. எஞ்சின் முழுசா ஆறியிருக்க வேண்டும். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் போங்கள். செயினின் கடகட சத்தம் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதல் சில நொடிகளில்தான் கேட்கும்.

2. சர்வீஸ் பில்களைத் தேதி, கிலோமீட்டர் வரிசையில் அடுக்குங்கள். ஓடோமீட்டரைத் திருத்தியிருந்தால் இங்கேதான் இடிக்கும். ஆயில் மாற்றிய இடைவெளி வருடத்துக்கு ஒரு முறையாவது இருக்க வேண்டும்.

3. டயர் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பெரும்பாலான மினிகளில் ரன்-ஃபிளாட் டயர்கள்தான், ஸ்டெப்னி இருக்காது. நான்கும் பழசு என்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

4. கன்வெர்டிபிள் என்றால் கூரையை ஒரு முறை அல்ல, மூன்று முறை திறந்து மூடுங்கள். 2016-ல் வந்த மாடலில் கூரை 18 நொடியில் திறக்கும். தயங்கினாலோ முனகினாலோ காரணம் கேளுங்கள். பிறகு காரை வாட்டர் வாஷ் செய்யச் சொல்லி, தரை விரிப்பைத் தூக்கிக் கீழே கை வைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் அடியில் ஓடும் வயரிங்கும் நனைந்திருக்கலாம். ஐப்பசி மழையில் இது சும்மா விடாது.

5. ஸ்கேனர் வைத்திருக்கும், பிஎம்டபிள்யூ வண்டிகளில் கை பழகிய மெக்கானிக்கை உங்கள் செலவில் கூட்டிப் போங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

6. காகிதம். வாகன் தளத்தில் ஆர்சி விவரங்களைச் சரிபாருங்கள். கடன் இருந்திருந்தால் வங்கியின் என்ஓசியும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. சொகுசு கார்களில் பாண்டிச்சேரிப் பதிவு நிறைய உண்டு. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், லைஃப் டாக்ஸும் கட்ட வேண்டும். விலை குறைவாகத் தெரிவதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் என் விதி ஒன்றுதான்: கையில் 12 லட்சம் இருந்தால் 9 லட்சத்துக்கு மேல் கார் தேடாதீர்கள். மீதி 3 லட்சம் முதல் இரண்டு வருட ரிப்பேருக்கு, தனியாக ஒரு கணக்கில் தூங்கட்டும். 9 லட்சத்தில் நல்ல வண்டி கிடைக்காவிட்டால் காத்திருக்கலாம், மினி எங்கேயும் ஓடிவிடாது. ஆனால் வீட்டில் இருப்பதே ஒரே கார், அதில்தான் தினமும் ஆபீசும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் என்றால், இதை வாங்க வேண்டாம். ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வரும் வரை கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் வாரங்களை எந்த ரிசர்வ் பணமும் ஈடுகட்டாது.