துணைக்கு ஒரு படை வந்தால்..?

கோவில்பத்து பார்வதீஸ்வரர் கோயில் பக்கம் ஒரு டீக்கடை. அக்கா மகன் ஆரம்பித்தான்:

"மாமா, 2018ல வந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்'ல வகாண்டாவுக்குத் துணையா இன்னொரு படை வந்திருந்தா தானோஸ் தோத்திருப்பானா?"

நான் பி.காம். ஆயிற்றே! மகாபாரதக் கணக்கைப் பிரித்தேன்.

"பாண்டவர் 7 அக்குரோணி, கௌரவர் 11. தேர், யானை, குதிரை, காலாள் கூட்டினா அக்குரோணிக்கு 2,18,700. துணைக்கு வர்றேன்னு ருக்மி பெரும்படையோட வந்து நின்னான். அர்ச்சுனன் வேணாம்னுட்டான். துரியோதனனும் வேணாம்னுட்டான். ஜெயிச்சது அந்த 7தான்!"

"அப்ப படையே தண்டமா மாமா?"

"யார் சொன்னா? 2019 'எண்ட்கேம்'ல படை படையா வந்து தானோஸ் கூட்டத்தைத் தடுத்தாங்களே! ஆனா முடிச்சது டோனி ஸ்டார்க் போட்ட ஒரே சொடக்கு. படை அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். 2018ல தானோஸ் வந்து இறங்கினதே கையில 5 கல்லோட. ஒம்பது படை வந்தாலும் அம்போதான்!"

பயல் முகம் வாடிவிட்டது. எனக்கோ வேறு ஞாபகம்.

அப்பா ஆபரேஷனுக்கு வேன் நிறைய சொந்தக்காரர்கள் வந்தார்கள். தெம்பாகத்தான் இருந்தது. ஆனால், ரத்த குரூப் பொருந்தியது ஒரே ஆளுக்கு.

இந்தப் பயலுக்குத்தான்!

டீக்காசை நானே கொடுத்தேன் சார். கூடவே ஒரு வடையும்.