பல்லைக் காக்கும் உணவுப் பழக்கம்

பல்லின் மேலுறையாகிய மிளிரி உடலிலுள்ள பொருள்களுள் மிகக் கடினமானது. எனினும், அதில் ஒருமுறை குழி விழுந்தால் அக்குழி தானாக மூடாது.

வாயிலுள்ள நுண்கிருமிகள் இனிப்பை அமிலமாக்குகின்றன; அமிலம் மிளிரியிலுள்ள கல்சியத்தைக் கரைக்கின்றது. உமிழ்நீர் அவ்வமிலத்தைத் தணித்துக் கல்சியத்தை மீட்டுத் தரும். அதற்கு அரைமணி நேரமேனும் வேண்டும். ஆதலால், எவ்வளவு இனிப்பு உண்டோம் என்பதினும் எத்தனை முறை உண்டோம் என்பதே பெரிது. 1954இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வும் இதனையே காட்டிற்று: உணவோடு உண்ட இனிப்பினும், இடைவேளைகளில் உண்ட ஒட்டும் இனிப்பே பற்களை மிகுதியாகச் சிதைத்தது.

யாழ்ப்பாணத்திலே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்தும் வழக்கம் உண்டு. பனங்கட்டி இயற்கைப் பொருளே. ஆயினும் கிருமிக்கு அதுவும் சீனியும் ஒன்றே. நாள்முழுதும் கடிப்பதை விடுத்து, மதிய உணவின் முடிவில் ஒரு துண்டு உண்டு வாய் கொப்பளித்தல் நன்று. இடைப்பசிக்கு அவித்த பனங்கிழங்கு உண்டு. அதனை மெல்லுந்தோறும் உமிழ்நீர் பெருகும். முள்ளோடு உண்ணும் நெத்தலியும் மோரும் கல்சியம் தரும். இவை பல் துலக்குதலுக்கு மாற்றல்ல, அதற்குத் துணையே.

சிறுவருக்கு இனிப்பை மறுக்கவேண்டியதில்லை. வேளையறிந்து கொடுத்தாற் போதும்.